பூட்ஸ் காவல்

ஜனவரி 2, வியாழன்

ரயில் அரை நாள் தாமதம். பனிமூட்டமாம். நான் பட்டாளத்தில் இருந்த காலத்திலும் பஞ்சாபில் பனிமூட்டம் இருந்தது. ரயில்கள் வந்துகொண்டுதான் இருந்தன.

ஸ்டேஷனுக்கு வண்டி அனுப்புவாள் என்று நினைத்தேன். சீருடையோடு அவளே வந்து நின்றாள். பையைத் தூக்க வந்த ஜவானை விலக்கிவிட்டுத் தானே தூக்கிக்கொண்டாள். ஒரு கர்னல் ரயில்வே ஸ்டேஷனில் பை தூக்கக்கூடாது என்றேன். “சுபேதார் சொன்னா கர்னல் கேக்கணுமா?” என்றாள். கேட்டால் நல்லது என்றேன். கேட்கவில்லை.

நாளை மறுநாள் என் மகள் இளவெயினி ஒரு பொறியாளர் ரெஜிமெண்டின் தலைமைப் பொறுப்பை ஏற்கிறாள். அறுநூறுக்கு மேற்பட்ட ஆட்கள், பெரும்பாலும் நம் பக்கத்துப் பிள்ளைகள். நான் இருபத்தெட்டு வருடம் சேவை செய்து சுபேதாராக ஓய்வு பெற்றேன். சுபேதார் மேஜராகியிருக்க வேண்டியவன். அந்தக் கதை இங்கே வேண்டாம்.

அவள் பெயரைப் பட்டாள நூலகத்துப் புத்தகம் ஒன்றிலிருந்து எடுத்து வைத்தேன். வடக்கத்திக்காரர்கள் வாயில் நுழையாமல் அது “வேனி மேம்” ஆகிவிட்டது. அதற்கு அவள் திரும்பிப் பார்க்கிறாள். திரும்பக்கூடாது.

ஊரில் மாடு சினையாக இருக்கிறது என்று தனபாக்கியம் வரவில்லை. பெற்ற மகளைவிட மாடு பெரிதா என்று கேட்டதற்கு, மகள் தானே நின்றுகொள்வாள், மாட்டுக்குத்தான் ஆள் வேண்டும் என்றாள். என் மனைவியிடம் வாதாடி நான் ஜெயித்ததில்லை. அவள் ஜெயித்ததாகவும் நான் ஒப்புக்கொண்டதில்லை.

ஜனவரி 3, வெள்ளி

வெள்ளைக்காரன் கட்டிய வீடு. கூரை அவ்வளவு உயரம், சூடெல்லாம் மேலே போய்விடுகிறது. உதவிக்கு வரும் ஜவானைச் சமையலறைக்குள் விடவில்லை. ரசத்தில் சர்க்கரை போடுகிறவன்.

நாளைக்கு அவள் போட வேண்டிய பூட்ஸைப் பார்த்தேன். பளபளவென்று இருந்தது, பிரஷ் பளபளப்பு. பழைய பனியன் துணியைக் கிழித்து, விரலில் இறுகச் சுற்றி, ஒரு சொட்டுத் தண்ணீர் தொட்டு, சின்னச் சின்ன வட்டமாகத் தேய்த்தேன். மதியத்துக்குள் பூட்ஸின் முனையில் என் மூக்கு தெரிந்தது. பார்த்துவிட்டு, “நீ இன்னாத்துக்குப்பா இதெல்லாம் செய்யற?” என்றாள். வேறு வேலை இல்லை என்றேன்.

மாலையில் ரெஜிமெண்டின் மதபோதகர் வந்தார். நாயிப் சுபேதார் பஞ்சநதம், திருவையாற்றுக்காரர், குடுமிக்கு மேல் பட்டாளத் தொப்பி. எல்லாரும் பண்டிட்ஜி என்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை மந்திர் பரேடுக்கு நான் அவசியம் வர வேண்டும் என்றார்.

எந்தக் கோயிலுக்குள்ளும் நான் நுழைவதில்லை என்று விளக்கினேன். ஏழாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். மிச்சத்தைத் தேநீர்க்கடைப் படிப்பகத்திலும் பட்டாள நூலகத்திலும் நானே படித்துக்கொண்டேன். பதினாறு வயதில் கடவுள் இல்லை என்ற முடிவுக்கு வந்தேன். அதை மாற்றிக்கொள்ளும்படியாக இதுவரை எவரும் எதுவும் காட்டவில்லை. இதையெல்லாம் அவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். கடைசியில், “அதனாலென்ன சாப், வெளியில நின்னு வெயில் காயலாமே” என்றார்.

இந்த ஊரில் வெயில் எங்கே இருக்கிறது.

ஜனவரி 4, சனி

பொறுப்பேற்பு நடந்தது. ஒழுங்காகத்தான் இருந்தது. மூன்றாவது வரிசையில் ஒருவன் அரை அடி முன்னே நின்றான்.

பழைய கர்னலிடமிருந்து கோலை வாங்கிக்கொண்டு அவள் திரும்பியதும் மொத்த ரெஜிமெண்டும் சல்யூட் அடித்தது. அணிவகுப்பு கலைந்த பின் விருந்தினர் வரிசைக்கு வந்து, என் முன்னால் நின்று, எனக்கு சல்யூட் அடித்தாள். கர்னல் சுபேதாருக்கு முதலில் சல்யூட் அடிப்பது விதிமுறையில் இல்லை. அதை அங்கேயே சொல்லியிருப்பேன். மைதானத்தில் தூசி அதிகம், கைக்குட்டையைத் தேட வேண்டியிருந்தது.

ஜனவரி 5, ஞாயிறு

காலை நடை போனேன். நடையின் வழியில்தான் மந்திர் இருக்கிறது.

ரெஜிமெண்ட் முழுவதும் படிக்கட்டுக்குக் கீழே பூட்ஸைக் கழற்றி வரிசையாக வைத்துவிட்டு உள்ளே போனது. முதலில் போனவள் என் மகள். கண்ணாடிக் கதவு வழியே எல்லாம் தெரிந்தது. பஞ்சநதம் தட்டை அவள் கையில் கொடுத்தார். கற்பூரம் எரிய எரிய அவள் ஆரத்தி காட்டினாள். பின்னால் நின்ற அத்தனை பேரும் பாடினார்கள்.

நான் வளர்த்த பெண். அவளுக்கு நாங்கள் காது குத்தக்கூட நாள் பார்க்கவில்லை.

படிக்குக் கீழே என்னைப் போலவே இன்னொருவன் நின்றான். ஹவில்தார் ஏசுவடியான், சாத்தான்குளத்துப் பக்கம். முன்பெல்லாம் உள்ளே போய் மணி அடித்தவன்தானாம். போன வருடம் ஒரு சபையில் சேர்ந்து முழுக்கு ஞானஸ்நானம் எடுத்தபின் படி ஏறுவதில்லை. அவனுடைய கடவுளும் எனக்குக் கிடையாது. ஆனால் அவன் நின்ற விதம் எனக்குப் பிடித்தது. முதுகு வளையவில்லை, யாரையும் முறைக்கவில்லை.

என்னையும் அந்தக் காலத்தில் படிக்குக் கீழே நிறுத்தினார்கள். பட்டாலியனின் பூட்ஸ்களுக்கெல்லாம் நான்தான் பொறுப்பு. பொறுப்பான வேலை அது.

ஜனவரி 6, திங்கள்

ஊருக்கு டிக்கெட் கேட்டேன். பனிமூட்டத்தால் ரயில்கள் ரத்து என்றார்கள். இன்றைக்கு எதிர்வீட்டுச் சுவர் வரை தெளிவாகத் தெரிந்தது.

ஜனவரி 8, புதன்

இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. பேசவில்லை என்பதை அவள் கவனிக்க நேரமில்லாமல் வேலை இருந்ததால், இன்று நானே பேசினேன்.

அந்தத் தட்டைத் தொட்டதற்காகத்தானா உன்னை இப்படி வளர்த்தேன் என்று கேட்டேன். சப்பாத்தியைப் பிய்த்துக்கொண்டே பொறுமையாகக் கேட்டாள். பிறகு சொன்னாள்:

“அப்பா, நாளைக்கு ஆத்துல எறங்குன்னு நான் சொன்னா எறங்கப்போறவங்க அவங்க. அவங்க கும்பிடறத ஒரு நிமிசம் கையில வாங்கிப் புடிச்சா எனக்கு இன்னா கொறஞ்சிபோச்சி?”

“உன் நம்பிக்கை கொறஞ்சிபோச்சி.”

“என் நம்பிக்க அவங்கதாம்ப்பா.”

இது பதில் இல்லை. கேட்க நன்றாக இருந்தால் பதிலாகிவிடாது.

எனக்கு நடந்ததை அவள் மறந்துவிட்டாளா என்ன. என் பட்டாலியனில் நான்தான் மூத்த சுபேதார். பாலத்தின் பாரக் கணக்குகளை மனப்பாடமாகச் சொல்வேன். புது லெப்டினன்ட்கள் என்னிடம் வந்துதான் கேட்டுக்கொள்வார்கள். சுபேதார் மேஜர் இடம் காலியானதும் கர்னல் தத்தா என்னைக் கூப்பிட்டு, ஆட்களோடு சேர்ந்து கும்பிடாதவன் ஆட்களுக்கு எப்படித் தலைவனாக இருப்பான் என்று கேட்டார். பாலம் இடிந்து விழுந்தால் கும்பிட்டவன் மிதப்பானா சார் என்று கேட்டேன். என்னைவிட இரண்டு வருடம் இளையவனுக்கு அந்த இடம் போயிற்று.

இன்று கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

ஜனவரி 10, வெள்ளி

பஞ்சநதம் தினமும் மாலை வருகிறார். நான் போட்ட முள்ளங்கிப் பாத்தியைப் பார்க்க வருவதாகச் சொல்கிறார். முள்ளங்கி இன்னும் முளைக்கவே இல்லை.

இன்று விஷயத்தைச் சொன்னார். ஏசுவடியானுக்கு நாயிப் சுபேதார் பதவி உயர்வு வர வேண்டியிருக்கிறது. சி.ஓ.வான என் மகள் பரிந்துரை செய்தால் முப்பது நாற்பது பேருக்கு அவன் தலைவன். மேலே நிற்கும் ஆள் படியேற மாட்டேன் என்றால் கீழே இருப்பவர்கள் எப்படி ஒன்றாக நிற்பார்கள் என்பது துணைத் தலைவர் லெப்டினன்ட் கர்னல் ராத்தோரின் வாதம். கெட்ட மனிதர் இல்லை, உண்மையாகவே அப்படி நம்புகிறார். கோப்பு என் மகளின் மேஜையில் இருக்கிறது.

நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்று பண்டிட்ஜியைக் கேட்டேன். “படி வரைக்கும் வந்துட்டார் சாப். மீதி அவர் சாமிக்கும் என் சாமிக்கும் உள்ள கணக்கு. அதுல ராத்தோர் சாப் எதுக்கு?” என்றார்.

ஒரு பூசாரி சொன்னது எனக்குச் சரி என்று பட்டது இதுவே முதல் தடவை. அவரிடம் சொல்லவில்லை.

அவளிடமும் நான் எதுவும் பேசப் போவதில்லை. ரெஜிமெண்ட் விஷயத்தில் அப்பன் தலையிடக்கூடாது. அவளுக்குத் தெரியும். இதே கேள்விதான் அன்று என் முன்னால் நின்றது. கர்னல் தத்தா செய்ததை என் மகள் செய்ய மாட்டாள்.

ஜனவரி 12, ஞாயிறு

அவள் தத்தா செய்ததைத்தான் செய்தாள். என் பெயரைச் சொல்லிச் செய்தாள்.

மந்திருக்கு முன்னால் ரெஜிமெண்ட் நின்றது. நான் வேலியோரம் நின்றேன், நடைக்கு வந்தவன்தான். அவள் ஏசுவடியானை முன்னே அழைத்தாள். அவன் நம்பிக்கைக்கு இந்த ரெஜிமெண்டில் மரியாதை உண்டு என்றாள். பிறகு தமிழுக்கு மாறினாள். நான் வேலியோரம் நிற்பது அவளுக்குத் தெரியும்.

“எங்கப்பாவும் இதே மாதிரி உள்ள போகாதவர். அவங்க சி.ஓ. அவர நம்பி மொத்த பட்டாலியனோட பூட்ஸையும் ஒப்படைச்சார். எனக்கு அப்ப பதிமூணு வயசு. எங்கப்பா காவல் நிக்கறார்ன்னு ஒரு பட்டாலியனே வெறுங்கால்ல நிம்மதியா நின்னுச்சி. அத நெனச்சிதான் நான் பட்டாளத்துக்கு வந்தேன். இன்னையிலேர்ந்து அந்தப் பொறுப்பு ஹவில்தார் ஏசுவடியானுக்கு.”

எல்லாரும் கை தட்டினார்கள். ராத்தோர்கூடத் தட்டினார். எல்லாருக்கும் பிடித்த மாதிரி ஒரு வழி கண்டுபிடித்துவிட்டாள் என்ற திருப்தி அவர் முகத்தில் தெரிந்தது.

பிறகு உள்ளே போனார்கள். ஏசுவடியான் பூட்ஸ் வரிசைகளுக்கு முன்னால் விறைப்பாக நின்றான். பின்வரிசையில் பூட்ஸ் கழற்றிக்கொண்டிருந்த இரண்டு இளம் ஜவான்கள் ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். சின்னச் சிரிப்பு, கெட்ட எண்ணமெல்லாம் இல்லை. அவன் காது மடல் சிவந்ததை நான் பார்த்தேன்.

வீட்டுக்கு வந்து முகமெல்லாம் மலர, “நல்லா இருந்துச்சாப்பா?” என்று கேட்டாள்.

நன்றாக இருந்தது என்றேன். மதியம் பசியில்லை.

ஜனவரி 13, திங்கள்

தனபாக்கியம் போன் செய்தாள். கிடேரிக் கன்று, நெற்றியில் வெள்ளை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, நேற்று சாப்பிட்டீர்களா என்று கேட்டாள். ஏன் கேட்கிறாய் என்றேன். மகள் ஞாயிற்றுக்கிழமை நடந்ததைப் போனில் பெருமையாகச் சொன்னாளாம்.

“இன்னாங்க, குவார்ட்டர்ஸ்ல இருக்கறப்ப ஞாயித்துக்கெழம மத்தியானம் நீங்க சாப்புடவே மாட்டீங்க. கறிக்கொழம்பு வெச்சாலும் மாட்டீங்க. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சிக்கினு இருக்கீங்களா?”

இணைப்பு சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன்.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். இது கடவுள் சம்பந்தப்பட்டது இல்லை, உழவர் சம்பந்தப்பட்டது. எனவே எனக்கு ஆட்சேபணை கிடையாது.

ஜவான்களின் குடியிருப்பில் கம்பெனிக்கு ஒரு பானை வைத்தார்கள். பனியில் விறகு பிடிக்கவில்லை. பஞ்சநதம் ஊதி ஊதி மூக்கெல்லாம் கரி. என் மகள் சீருடைக்கு மேல் ஒரு பழைய சால்வையைச் சுற்றிக்கொண்டு எல்லாப் பானையிலும் ஒரு கரண்டி வாங்கித் தின்றாள். எந்தக் கம்பெனிப் பொங்கல் நன்றாக இருக்கிறது என்று கேட்டதற்குக் கடைசிவரை பதில் சொல்லவில்லை. நல்ல கமாண்டர்.

ஏசுவடியான் ஓரமாக உட்கார்ந்து கரும்பு வெட்டிக்கொண்டிருந்தான். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். எனக்குக் கணுவில்லாத துண்டாகப் பார்த்துக் கொடுத்தான். அவன் ஆட்கள் ஒருவர் மாற்றி ஒருவர் வந்து அவனிடம் ஏதாவது கேட்டுக்கொண்டே இருந்தார்கள். விடுப்பு, போர்வை, ஒருவனுக்குப் பல்வலி. போன மழையில் பாலம் போடும்போது நீரோட்டத்தில் முதலில் இறங்கியவன் இவன்தான் என்று அந்தப் பல்வலிக்காரன் சொன்னான். தலைமை என்பது இதுதானே. இவனுக்கு வேறென்ன பரீட்சை வேண்டும்?

எல்லாரும் போன பின் மெதுவாகக் கேட்டான்.

“ஐயா, ஒண்ணு கேக்கட்டுமா? தப்பா நெனைக்கக்கூடாது. அன்னைக்கு நீங்க பெருமையாத்தான் நின்னியளா?”

எனக்குப் பாத்திக்குத் தண்ணீர் விட வேண்டியிருந்தது. எழுந்து வந்துவிட்டேன்.

ஜனவரி 16, வியாழன்

முள்ளங்கி முளைத்துவிட்டது.

ஏசுவடியான் முன்கூட்டியே ஓய்வு கேட்டு மனு கொடுத்திருப்பதாகப் பஞ்சநதம் சொன்னார். குடும்பச் சூழ்நிலை என்று எழுதியிருக்கிறானாம். என் மகளுக்குப் புரியவில்லை. சாப்பாட்டு மேஜையில் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள்.

“அவ்ளோ பேருக்கு முன்னாடி மரியாத குடுத்தேனேப்பா. பிரமோஷனுக்கும் எழுதறேன்னு சொன்னேன். அப்புறம் ஏன் போறேங்கறான்?”

எனக்குத் தெரியாது என்றேன்.

தெரியாது என்று நான் சொல்வது அபூர்வம். அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

ஜனவரி 18, சனி

கோட்டையும் மெடல்களையும் எடுத்து வைத்தேன். என் பூட்ஸையும் தேய்த்தேன். பனியன் துணி தீர்ந்துவிட்டதால் அவளுடைய பழைய துப்பட்டா ஒன்றைக் கிழித்தேன். நல்ல துப்பட்டா இல்லை.

ஜனவரி 19, ஞாயிறு

ரெஜிமெண்ட் உள்ளே போன பிறகு, வேலியைச் சுற்றி வந்து ஏசுவடியானுக்குப் பக்கத்தில் நின்றேன். விறைப்பாக, பூட்ஸ் வரிசையைப் பார்த்தபடி. அவன் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டான்.

கடைசியாக நான் இப்படி நின்றபோது என் தலைமுடி கறுப்பு. அந்த நாற்றம் அப்படியே இருக்கிறது. நனைந்த தோல், பாலிஷ், வியர்வை. ஆரத்திப் பாட்டு உள்ளிருந்து வந்தது. ராகமும் அப்படியே. மெடல்கள் ஒன்றோடொன்று உரசிச் சத்தம் போட்டன. குளிர் இரண்டு டிகிரி என்று பிறகு சொன்னார்கள்.

முதலில் வெளியே வந்தவள் அவள். என்னைப் பார்த்ததும் சிரித்தாள். அப்பா தன் பழைய இடத்தில் பெருமையோடு வந்து நிற்கிறார் என்று நினைத்திருப்பாள். இரண்டு படி இறங்கினாள். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. நான் முகத்தை எப்படி வைத்திருந்தேன் என்று எனக்குத் தெரியாது. ஒழுங்காகத்தான் வைத்திருந்தேன் என்று நினைக்கிறேன். என்னைப் பார்த்தாள், ஏசுவடியானைப் பார்த்தாள், மறுபடி என்னைப் பார்த்தாள்.

பூட்ஸை மாட்டிக்கொண்டு போனாள்.

மாலை நான் ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தபோது சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

“அப்பா. அது பெருமையா இல்லியா?”

புளியைப் பிழிந்தேன்.

“பூட்ஸுக்கு எதுக்கு கண்ணு காவலு? கன்டோன்மெண்டுக்குள்ள எவன் வந்து திருடுவான்?”

அவ்வளவுதான் சொன்னேன். குழாய் சொட்டிக்கொண்டிருந்தது, அதன் வாஷரை மாற்ற வேண்டும்.

“நீதான சொன்ன,” என்றாள். “நம்பிக் குடுத்திருக்காங்கன்னு. நான் ஸ்கூல்ல எல்லார்கிட்டயும் சொன்னேன்.”

“பதிமூணு வயசுப் பொண்ணுகிட்ட வேற இன்னா சொல்றது?”

அன்று நடந்தது இதுதான். மொத்த பட்டாலியன் முன்னால் தத்தா, மாசிலாமணி சாப் உள்ளே வர மாட்டார், எனவே அவருக்குத் தகுந்த ஒரு வேலை கொடுப்போம் என்று இந்தியில் சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள். நான் பயிற்சி கொடுத்த பிள்ளைகளும் சிரித்தார்கள். வீட்டுக்குப் போனபோது அவள் வாசலில் பள்ளிக்கூட ஷூவுக்கு லேஸ் கெட்டியாகக் கட்ட வராமல் உட்கார்ந்திருந்தாள். இன்றைக்கு என்னப்பா நடந்தது என்று கேட்டாள். லேஸைக் கட்டிக்கொண்டே சொன்னேன்.

நான் அவளிடம் கேட்டது ஒன்றுதான். “அவன நிக்க விட்டிருக்கலாம். சும்மா. நிக்கறதுக்கு ஒரு வேலை வேணுமா?”

அவள் வந்து என் தோளில் நெற்றியை வைத்துக்கொண்டாள். கர்னல் பட்டை என் காதில் குத்தியது. கையெல்லாம் புளியாக இருந்ததால் நான் கையைத் தூக்கியபடியே நிற்க வேண்டியிருந்தது.

ரசம் உப்புக் கரித்தது. எதனால் என்று தெரியவில்லை.

ஜனவரி 21, செவ்வாய்

ராத்தோர் வந்திருந்தார். முன்னறையில் அவளோடு வெகுநேரம் பேசினார். குழாய் வாஷர் மாற்றும் வேலை முன்னறைக்குப் பக்கத்தில் இருந்ததால் சில வார்த்தைகள் காதில் விழுந்தன. காவல் உத்தரவை வாரம் இரண்டு ஆவதற்குள் மாற்றினால் சி.ஓ.வின் சொல்லுக்கு மதிப்பிருக்காது என்றார். அதற்கு அவள், என் சொல் தவறு, தவறான சொல்லுக்கு மதிப்பு எதற்கு என்றாள். ஏசுவடியானின் பதவி உயர்வுக்குக் கையெழுத்திட்டுவிட்டதாகவும் சொன்னாள். மேலிடத்தில் கேள்வி வரும் என்றார். வரட்டும், பதில் சொல்ல வேண்டியது நான்தான் என்றாள்.

ராத்தோர் போகும்போது எனக்குக் கை கொடுத்தார். அவர் மனம் மாறவில்லை. அதை மறைக்கவும் இல்லை. அப்படிப்பட்ட ஆளை எனக்குப் பிடிக்கும்.

ஜனவரி 22, புதன்

அவள் ஏசுவடியானின் குடியிருப்புக்கே நடந்து போனாளாம். அலுவலகத்துக்குக் கூப்பிடவில்லை. அவன் மனைவி கட்டன் காப்பி கொடுத்தாளாம். உன்னிடம் நான் தவறு செய்தேன் என்று மனைவி முன்னாலேயே சொன்னாளாம். இது பஞ்சநதம் சொன்னது. அவருக்கு எப்படித் தெரியும் என்று கேட்டால் மேலே கையைக் காட்டுகிறார்.

ஏசுவடியான் மனுவைத் திரும்ப வாங்கிக்கொண்டுவிட்டான்.

இரவு சாப்பிடும்போது அவளிடம் கேட்டேன், அந்தத் தட்டைப் பிடிக்கும்போது மனதில் என்ன நினைக்கிறாய் என்று. மறைக்காமல் சொன்னாள். விடுப்பில் போனவன், ஆஸ்பத்திரியில் கிடப்பவன், எல்லையில் சாலை போடுகிறவன், ஒவ்வொரு கம்பெனியாகப் பெயர் சொல்லிக்கொள்வாளாம். கற்பூரம் அணைவதற்குள் முடியாது, மிச்சத்தை அடுத்த ஞாயிறு சொல்வாளாம்.

யோசித்துப் பார்த்தேன். அது பிரார்த்தனை இல்லை, ரோல் கால். எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் தட்டு இல்லாமலும் அதைச் செய்யலாம் என்று சொன்னேன். “தெரியும்ப்பா, நீ சொல்லுவன்னு” என்றாள்.

ஜனவரி 25, சனி

டிக்கெட் கிடைக்கிறதாம். முள்ளங்கி இன்னும் பருக்கவில்லை. பிறகு பார்க்கலாம் என்றேன்.

ஜனவரி 26, ஞாயிறு

குடியரசு நாள். கொடியேற்றம் மட்டும், மந்திர் பரேடு கிடையாது. தனபாக்கியம் கன்றுக்குட்டிக்கு வேனி என்று பெயர் வைத்திருக்கிறாள். வேண்டுமென்றே செய்கிறாள்.

பிப்ரவரி 2, ஞாயிறு

இன்று வெயில் வந்தது. மஞ்சளாக, தரையில் நிழல் விழுகிற மாதிரி நிஜ வெயில்.

ரெஜிமெண்ட் மந்திருக்கு முன்னால் நின்றது. என் மகள் சுருக்கமாகப் பேசினாள். போன மாதம் தான் கொடுத்த காவல் வேலை ரத்து என்றாள். பூட்ஸ் தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும் என்றாள். உள்ளே வருகிறவர்கள் வரலாம், படிவரை வருகிறவர்கள் படிவரை வரலாம், எல்லாரும் பரேடுக்கு வந்தவர்கள்தான். இந்தியில் ஒரு முறை, தமிழில் ஒரு முறை. தமிழில் சொல்லும்போது வேலிப் பக்கம் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நான் பார்வையைத் திருப்பியிருப்பேன் என்று அவளுக்குத் தெரியும்.

பூட்ஸைக் கழற்றிவிட்டு உள்ளே போனார்கள். ஏசுவடியான் தன் ஆட்களைப் படிவரை கூட்டி வந்து, கடைசி ஆள் ஏறும்வரை பார்த்துவிட்டு, அங்கேயே நின்றான். கையில் வேலை எதுவும் இல்லை. பூட்ஸ் வரிசைகளைப் பார்க்கவேண்டிய அவசியமும் இல்லை. அவன் வானத்தைப் பார்த்தான், எதிரில் இருந்த கொடிக் கம்பத்தைப் பார்த்தான், கண்ணை மூடிக்கொண்டு வாய்க்குள் ஏதோ சொல்லிக்கொண்டான். அவனுடைய கடவுளிடமாக இருக்கும். நான் பக்கத்தில் போய் நின்றேன். எனக்குப் பேச ஆள் யாரும் மேலே இல்லை என்பதால் வெயில் காய்ந்தேன்.

இருவரும் சும்மா நின்றோம். கர்னல் தத்தா இந்த ஒன்றை மட்டும் எனக்குக் கொடுத்திருக்கலாம். செலவில்லாதது.

ஆரத்தி முடிந்து பஞ்சநதம் தட்டோடு வெளியே வந்தார். வழக்கமாகப் படிக்குக் கீழே இருப்பவர்களிடமும் நீட்டுவார்கள். எங்களிடம் வந்தவர் தட்டை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, வலது கையால் எங்கள் இருவருக்கும் கை கொடுத்தார். “வெயில் வந்துடுத்து பாத்தேளா சாப், நான் சொன்னேனே” என்றார். இந்த ஒரு மாதமாக அவர் சொன்னதில் அது ஒன்றுதான் நடந்திருக்கிறது. அதையும் அவர் தன் கணக்கில் எழுதிக்கொள்வார்.

ஆட்கள் வெளியே வந்தார்கள். அவள் கடைசியாக வந்தாள். தலைமை ஏற்றவர் முதலில் போய் முதலில் வருவது வழக்கம். இன்று எல்லாரும் பூட்ஸ் மாட்டி முடிக்கும்வரை மேல்படியில் காலுறையோடு நின்றாள். வெறும் தரையில் ஒரே ஒரு ஜோடி மிச்சம் இருந்தது.

அவள் படி இறங்குவதற்குள் நான் போய் அதை எடுத்தேன். யாரும் சொல்லவில்லை. யாரும் ஒப்படைக்கவில்லை. மொத்த ரெஜிமெண்டும் பார்த்துக்கொண்டிருந்தது. கொண்டுபோய் அவள் காலடியில், முனை வெளிப்பக்கம் பார்க்க, ஒழுங்காக வைத்தேன்.

“அப்பா” என்றாள், குரல் ஒரு மாதிரி இருந்தது.

லேஸ் சரியில்லை என்றேன். உட்காரச் சொன்னேன். அவள் கீழ்ப்படியில் உட்கார்ந்தாள். நான் குனிந்து இரண்டையும் கட்டினேன். முடிச்சு கெட்டியாக, நுனி உள்ளே செருகி. இத்தனை வருடம் பட்டாளத்தில் இருந்தும் இன்னும் முயல்காது முடிச்சுதான் போடுகிறாள்.

யாரும் சிரிக்கவில்லை.

நாளைக்கு டிக்கெட் பற்றி விசாரிக்க வேண்டும். முள்ளங்கி நாலைப் பிடுங்கிப் பார்த்தேன், இன்னும் ஒரு வாரம் போகலாம்.